கூண்டு மீனுக்கு ஊசி போடுகிறார்களா? வளர்ச்சி ஹார்மோன் செல்லுக்குள் செய்யும் வேலை

மண்டபம், முனைக்காடு, ஓலைக்குடா பக்கம் கூண்டில் வளர்ந்த கடல் விரால் (கோபியா) மீன் கரைக்கு வந்து தராசில் ஏறினால், வாங்க வந்தவர் கேட்பது இதுதான்: "ஏண்ணே, ஆறேழு மாசத்துல மூணு கிலோ வருதுன்னா, ஊசி போடாமலா வரும்?"

ஊசி உண்டு. ஆனால் அது தராசில் இருக்கும் மீனுக்குப் போட்டதல்ல, வளர்ச்சிக்காகப் போட்டதும் அல்ல. இந்தக் குழப்பம் தீர, ஹார்மோன் என்பது செல்லிடம் என்ன சொல்கிறது, செல் அதை எப்படிக் கேட்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்த ஊசி, எந்த மீனுக்கு

மத்திய கடல்சார் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் 2010இல் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கடல் விராலைக் கட்டுப்பாட்டுச் சூழலில் முட்டையிட வைத்தது. அங்கே பயன்பட்டது எச்.சி.ஜி. என்ற ஹார்மோன். பெண் மீனின் சினைப்பையிலிருந்து மெல்லிய குழாய் வழியே சில முட்டைகளை உறிஞ்சி, நுண்ணோக்கியில் அளப்பார்கள். விட்டம் 700 மைக்ரானைத் தாண்டியிருந்தால்தான் ஊசி. பெண்ணுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 500 சர்வதேச அலகு, ஆணுக்கு 250. சுமார் ஒன்றரை நாளில் முட்டை விழும்.

எச்.சி.ஜி. போய்ச் சேரும் இடம் சினைப்பையும் விந்தகமும். ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் முட்டையைக் கடைசிக் கட்ட முதிர்ச்சிக்குத் தள்ளி வெளியே விடச் செய்வது மட்டுமே அதன் வேலை. முட்டை போதிய அளவு வளராத மீனுக்கு எத்தனை அலகு ஏற்றினாலும் பயன் இல்லை. ஊசி வாங்கும் தாய்மீன்கள் பொரிப்பகத்தின் சொத்து, இறைச்சிக்காக வளர்ப்பவை அல்ல. அவற்றின் குஞ்சுகள்தான் கூண்டுக்குப் போகின்றன, அந்தக் குஞ்சுகள் ஊசியைப் பார்ப்பதே இல்லை.

ஒரு கூண்டில் நூற்றுக்கணக்கான மீன்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் பிடித்து, மயக்கி, திரும்பத் திரும்ப ஊசி போட ஆகும் கூலிக்கும், அதில் சாகும் மீனுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தாலே இந்தச் சந்தேகம் பாதி கரைந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் உயிரியல் தேவைப்படுகிறது.

வளர்ச்சி ஹார்மோன்: அடிப்படை

மூளையின் அடியில் தொங்கும் சிறு சுரப்பி பிட்யூட்டரி. மீன், கோழி, ஆடு, மனிதர் என முதுகெலும்புள்ள எல்லாவற்றுக்கும் இது உண்டு. அதன் முன்பகுதிச் செல்கள் சுரக்கும் புரதமே வளர்ச்சி ஹார்மோன். மனிதரில் இது 191 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. மூளையிலிருந்து வரும் ஒரு ஹார்மோன் சுரக்கச் சொல்லும், சொமாட்டோஸ்டாட்டின் என்ற இன்னொன்று நிறுத்தச் சொல்லும், வெறும் வயிற்றிலிருந்து கிளம்பும் கிரெலின் மறுபடி தூண்டும். இதனால் சுரப்பு அலையலையாக வரும். மனிதரில் தூங்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் வரும் அலைதான் பெரிது. ரத்தத்தில் கலந்த ஹார்மோனில் பாதி சுமார் 20 நிமிடத்தில் மறைந்துவிடும். இவ்வளவு குறைந்த ஆயுள் கொண்ட ஒன்று மாதக்கணக்கில் நடக்கும் வளர்ச்சியை நடத்துவது மரபணுக்கள் வழியாகத்தான்.

இனி வரப்போகும் மூன்று சொற்கள்:

1. மரபணு வெளிப்பாடு. கல்லீரல் செல்லிலும் தசைச் செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். எந்த மரபணு ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டுப் புரதமாகிறது, எது மூடிக் கிடக்கிறது என்பதே இரண்டுக்கும் வித்தியாசம். படியெடுத்துப் புரதமாக்கும் இந்த வேலைக்குப் பெயர் வெளிப்பாடு.
2. செல் வேறுபாடு. இன்னதாக ஆவது என்று முடிவாகாத முன்னோடிச் செல், சில மரபணுக்களை நிரந்தரமாகத் திறந்தும் சிலவற்றை மூடியும் தசையாகவோ கொழுப்பாகவோ குருத்தெலும்பாகவோ ஆவது.
3. ஏற்பி. ஹார்மோன் வந்து ஒட்டும் செல் சவ்வுப் புரதம். ஏற்பி இல்லாத செல்லுக்கு ஹார்மோன் வந்ததே தெரியாது.

செல் சவ்விலிருந்து மரபணு வரை

வளர்ச்சி ஹார்மோன் செல்லின் கருவுக்குள் நுழைவதே இல்லை. வெளியே நின்றே வேலை வாங்குகிறது. நடப்பதை வரிசையாகச் சொன்னால்:

1. ஏற்பிகள் சவ்வில் இரண்டிரண்டாக நிற்கின்றன. ஒரு ஹார்மோன் மூலக்கூறு தன் இரு பக்கங்களாலும் இரண்டையும் பிடிக்கிறது. பிடித்ததும் ஏற்பிகளின் உள்முனைகள் இடம் திரும்புகின்றன.
2. அந்த உள்முனைகளில் ஒட்டியிருக்கும் ஜேக்-2 என்ற நொதிகள் ஒன்றையொன்று தூண்டி, ஏற்பியின் வாலில் பாஸ்பேட் குறிகளை வைக்கின்றன.
3. அந்தக் குறிகளைத் தேடி ஸ்டாட்-5பி என்ற புரதம் வருகிறது. அதற்கும் பாஸ்பேட் ஏறுகிறது. இரண்டு ஸ்டாட்-5பி இணைந்து ஜோடியாகிக் கருவுக்குள் போகின்றன. ஹார்மோன் ஒட்டிய சில நிமிடங்களில் இது நடந்துவிடும்.
4. ஜோடி, டி.என்.ஏ.வில் தனக்குரிய எழுத்து வரிசையைக் கண்டு அமர்கிறது. சுற்றியுள்ள இறுகிய டி.என்.ஏ. சுருள் தளர்கிறது, படியெடுக்கும் கூட்டம் வந்து சேர்கிறது.
5. படியெடுக்கப்படும் மரபணுக்களில் முக்கியமானது ஐ.ஜி.எஃப்-1, அதாவது இன்சுலினைப் போன்ற வளர்ச்சிக் காரணி. கல்லீரல் இதை ரத்தத்தில் விடுகிறது. துணைப் புரதங்களோடு சேர்ந்து சுற்றுவதால் மணிக்கணக்கில் தங்கும்.
6. கூடவே சாக்ஸ்-2 என்ற மரபணுவும் திறக்கிறது. அதன் புரதம் ஏற்பியையே போய் அடக்குகிறது.

ஆறாவது படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஹார்மோன் தன் தடையையும் தானே எழுப்பிக்கொள்கிறது. சாக்ஸ்-2 மரபணு நீக்கப்பட்ட எலி, ஹார்மோன் கூடாமலேயே மற்ற எலிகளைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாக வளர்ந்தது. ஊற்ற ஊற்ற வளரும் என்ற எண்ணம் எங்கே இடிக்கிறது என்பதற்கு இந்த எலியே போதும்.

மனிதரிலும் சாட்சி உண்டு. 1966இல் ஸ்வி லாரோன் என்ற மருத்துவர் விவரித்த குறைபாட்டில் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் ஏராளமாக இருக்கும், ஏற்பி பழுதானதால் உயரம் மட்டும் வராது. 2003இல் ஸ்டாட்-5பி மரபணுவே பழுதான ஒரு சிறுமியைப் பற்றிய ஆய்வு வந்தது. ஹார்மோன் இருந்தது, ஏற்பியும் சரி, ஆனாலும் உயரம் மிகக் குறைவு. சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் முடிவு ஒன்றுதான்.

அளவு மட்டுமல்ல, வரும் விதமும்

கலங்கரை விளக்கம் விட்டு விட்டு மின்னுவதால்தான் கடலில் இருப்பவர் அதை ஊர் விளக்குகளிலிருந்து பிரித்து அறிகிறார். கல்லீரல் செல்லும் ஹார்மோனை அப்படித்தான் படிக்கிறது. ஆண் எலியில் வளர்ச்சி ஹார்மோன் சுமார் மூன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை அலையாக வந்து, நடுவில் ஏறக்குறைய இல்லாமல் போகும். பெண் எலியில் ஓரளவு தொடர்ந்து இருக்கும். அலை வரும்போது ஸ்டாட்-5பி மொத்தமாகக் கருவுக்குள் பாய்ந்து, இடைவெளியில் வெளியேறி, அடுத்த அலைக்குத் தயாராகிறது. இதனால் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளின் மரபணுக்கள் ஆணில் ஒரு தொகுதியும் பெண்ணில் வேறு தொகுதியுமாகத் திறக்கின்றன. ஆண் எலிக்கு ஹார்மோனை இடைவிடாமல் செலுத்தினால் அதன் கல்லீரல் பெண் எலியின் கல்லீரலைப் போல மரபணுக்களை வெளிப்படுத்தத் தொடங்குகிறது. ஒரே மூலக்கூறு, ஒரே ஏற்பி. வந்த தாளம் மட்டும் வேறு.

முன்னோடிச் செல் என்னவாக மாறும்

வளர்ச்சி என்றால் உள்ள செல் பெருப்பது என்று நினைக்கிறோம். வளர்ச்சி ஹார்மோனின் தனித்த பங்கு அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. முன்னோடிச் செல்லை ஒரு பாதையில் இறக்கிவிடுவது அது, இறங்கிய செல்லைப் பெருக்குவது பெரும்பாலும் ஐ.ஜி.எஃப்-1. 1980களில் ஹோவர்ட் கிரீன் என்ற ஆய்வாளர் கொழுப்பு முன்னோடிச் செல்களை வைத்து இந்தக் கருத்தை முன்வைத்தார். வளர்ச்சி ஹார்மோன் பட்ட பிறகுதான் அந்தச் செல்கள் ஐ.ஜி.எஃப்-1இன் பேச்சுக்குப் பணிந்தன.

எலும்பில் இதை இடம் காட்டிச் சொல்ல முடியும். நீளும் எலும்பின் முனைக்கு அருகே குருத்தெலும்புத் தட்டு உள்ளது. அதன் ஓரத்தில் ஓய்வுச் செல்கள், அடுத்து அடுக்கடுக்காகப் பெருகும் செல்கள், அதற்கடுத்து உப்பி எலும்பாகப் போகும் செல்கள். எலியின் ஒரு காலின் தட்டில் மட்டும் வளர்ச்சி ஹார்மோனைச் செலுத்தியபோது அந்தக் கால் எலும்பு மட்டும் கூடுதலாக நீண்டது. கல்லீரல் வழியே சுற்றிப் போகாமல் தட்டிலேயே ஹார்மோன் நேரடியாக வேலை செய்கிறது என்பதை அது காட்டியது. பிற்பாடு 1999இல் கல்லீரலில் மட்டும் ஐ.ஜி.எஃப்-1 மரபணுவை நீக்கிய எலிகள் வந்தன. ரத்தத்தில் ஐ.ஜி.எஃப்-1 பெருமளவு சரிந்தும் அவை ஏறக்குறைய இயல்பான அளவுக்கு வளர்ந்தன. எலும்பும் தசையும் தமக்கு வேண்டியதைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன.

கொழுப்பில் கதை முரண்டு பிடிக்கும். ஆய்வகத்தில் வளர்க்கும் சில முன்னோடிச் செல் வரிசைகளைக் கொழுப்புச் செல்லாக்கும் அதே ஹார்மோன், முதிர்ந்த கொழுப்புச் செல்லில் சேமிப்பைக் கரைத்து வெளியே விடுகிறது. எந்தக் கட்டத்தில் இருக்கும் செல் என்பதைப் பொறுத்துத் திறக்கும் மரபணுக்களும் மாறுகின்றன.

தசையைப் பற்றிப் பேசும்போது மீனுக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். மனிதருக்குப் பிறந்த பிறகு தசை நார்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை, இருப்பவை தடிக்கின்றன. கடல் விராலைப் போல மிகப் பெரிதாகும் மீன்களில் குஞ்சுப் பருவம் தாண்டியும் புதிய நார்கள் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. முன்னோடிச் செல்கள் ஐ.ஜி.எஃப்-1இன் தூண்டலில் முதலில் பெருகி, பிறகு மயோஜெனின் போன்ற தசையாக்கும் மரபணுக்களைத் திறந்து, ஒன்றோடொன்று இணைந்து நாராகின்றன. கடல் விரால் சதையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் தடித்த நார்களின் இடையிடையே மெலிந்த புது நார்கள் செருகியிருக்கும். ஊசி இல்லாமலே மூன்று கிலோ எப்படி என்ற கேள்விக்கு உடற்கூறு தரும் விடை அதில் இருக்கிறது. இயற்கையிலேயே வேகமாக வளரும் இனம் அது. கூண்டு அதற்குத் தேடி அலையும் வேலையை மிச்சப்படுத்துகிறது.

செவுளும் ஒரு நல்ல உதாரணம். ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் சால்மனின் செவுளில் உப்பை வெளியேற்றும் செல்கள் புதிதாக வேறுபட்டு வர வேண்டும். வளர்ச்சி ஹார்மோனும், உடல் நெருக்கடியில் இருக்கும்போது கூடும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் சேர்ந்து அதைச் செய்கின்றன. சோடியம்-பொட்டாசியம் பம்புப் புரதத்தின் மரபணு அங்கே ஏறுமுகமாகிறது. நன்னீருக்குத் திரும்புகிற மீன்களில் புரோலாக்டின் என்ற உறவுக்கார ஹார்மோன் எதிர்த்திசையில் இழுக்கிறது. வளர்ச்சி என்ற பெயர் இருப்பதால் இந்த ஹார்மோன் உடலைப் பெரிதாக்குவதை மட்டுமே செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது.

பட்டினி மீனில் ஹார்மோன் அதிகம்

கூண்டு வைத்திருப்பவருக்கு நேரடியாகப் பயன்படுவது இந்தப் பகுதிதான். மீனைப் பட்டினி போட்டால் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் குறைவதில்லை, கூடுகிறது. ஆனால் கல்லீரலில் ஏற்பி குறைகிறது, இன்சுலின் தாழ்கிறது, ஐ.ஜி.எஃப்-1 மரபணு அடங்குகிறது. கூடிய ஹார்மோன் சேமித்த கொழுப்பை எரிக்கப் பயன்படுகிறதே தவிர, சதை வைக்கப் பயன்படுவதில்லை. ஆகவே ஹார்மோனை அளந்து மட்டும் வளர்ச்சியைக் கணிக்கக் கூடாது. தீனி குறைந்த கூண்டில் ஊசி போட்டாலும் மீன் வளராது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது.

நம் கடலில் வளர்ச்சி சுணங்கும் வழக்கமான காரணங்களை இந்தக் கண்ணோடு பார்க்கலாம்:

1. தீனி விட்டு விட்டுப் போவது. சூடை, சாளை மீன்களை நறுக்கி உடல் எடையில் சுமார் 5 சதவீதம் தினமும் போட வேண்டிய கூண்டு இது. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கடலிலும் (மன்னார் வளைகுடா), வாடை நாட்களில் வடகடலிலும் (பாக் விரிகுடா) வள்ளம் கூண்டுக்குப் போக முடியாமல் தீனி தவறும். ஓரிரு நாள் தவறினால் பாதகமில்லை. மறுபடி ஒழுங்காகத் தின்னத் தொடங்கியதும் ஏற்பி திரும்பி, ஐ.ஜி.எஃப்-1 ஏறி, விட்டதில் ஒரு பகுதியை மீன் பிடித்துவிடும். வாரக்கணக்கில் தவறினால் முழுதாக மீளாது.
2. அளவு கலந்து விடுவது. கடல் விரால் குஞ்சுகள் சிறியதைத் தின்னும். தின்னாவிட்டாலும் பெரியது விரட்ட, சிறியதற்குத் தீனி குறையும், கார்ட்டிசால் ஏறும். கார்ட்டிசால் நீடித்து உயர்ந்திருந்தால் ஐ.ஜி.எஃப்-1 தாழும். குஞ்சுப் பருவத்தில் அளவு பிரித்து விடுவது செத்த கணக்கைக் குறைக்க மட்டுமல்ல.
3. வலையில் பாசியும் கொட்டலசும் ஏறுவது. வலைக்கண் அடைந்தால் நீரோட்டம் குறையும், உயிர்வளி தாழும், மீன் தீனியைத் தொடாது. அதற்குமேல் நடப்பது முதல் காரணத்தில் சொன்னதேதான். வலையை மாற்ற வேண்டும், தீனியைக் கூட்டினால் தின்னாதது அடியில் சேர்ந்து நிலைமை மோசமாகும்.

இவை மூன்றும் சரியாக இருந்தால் 6-7 மாதத்தில் 2.5 முதல் 3 கிலோ வருவது இந்த இனத்துக்கு இயல்பு.

மரபணுவில் கை வைத்த மீன்

வளர்ச்சி ஹார்மோனைக் கூட்டி வளர்த்த மீன் உலகில் இல்லாமல் இல்லை. அதுவும் ஊசியால் வந்ததல்ல. அட்லாண்டிக் சால்மனின் டி.என்.ஏ.வில் சினூக் சால்மனின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைச் சேர்த்து, அதை இயக்க ஓஷன் பவுட் என்ற குளிர்கடல் மீனின் உறைதடுப்பு மரபணுவின் இயக்கிப் பகுதியை முன்னால் ஒட்டினார்கள். முக்கியம் அந்த இயக்கிதான். சாதாரணச் சால்மனில் பருவத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஹார்மோன், இதில் ஆண்டு முழுதும் வெளிப்படுகிறது. விற்பனை அளவுக்கு மூன்று ஆண்டு பிடிக்கும் மீன் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் வந்தது. அமெரிக்காவில் 2015இல் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் மரபணு மாற்றிய உயிர்களுக்கு 1989 விதிகளின்படி தனி அனுமதி வேண்டும். மீன் எதற்கும் அது தரப்படவில்லை. மண்டபத்துக் கடல் விரால், கடலில் பிடித்த தாய்மீனின் வழி வந்தது.

தின்றால் நமக்கு என்ன ஆகும்

மீன் உடலில் இயல்பாகவே வளர்ச்சி ஹார்மோன் உண்டு, கடலில் பிடித்ததிலும் உண்டு. அது புரதம். குழம்பில் கொதித்தால் உருக்குலையும், தப்பியது இரைப்பையில் செரிக்கும். இதையும் தாண்டினால்? மனித ஏற்பி, குரங்கினத்தைத் தவிர வேறு விலங்கின் வளர்ச்சி ஹார்மோனைப் பிடிக்காது. 1950களில் மாட்டு ஹார்மோனை மனிதருக்கு ஊசியாகவே போட்டுப் பார்த்தும் வளர்ச்சி வரவில்லை. மீன் மாட்டைவிடத் தூரத்து உறவு. பெண் பிள்ளைகள் சீக்கிரம் பூப்பெய்துவதற்கு இந்த மீன்தான் காரணம் என்ற பேச்சு இரண்டு இடத்தில் தவறு: ஹார்மோன் வாய்வழி வேலை செய்யாது, பூப்பைத் தொடங்கிவைப்பதும் இந்த ஹார்மோன் அல்ல.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய விதிவிலக்கு ஒன்று உண்டு. ஸ்டீராய்டு வகை ஹார்மோன்கள் புரதம் அல்ல, அவற்றில் சில வாய்வழியும் வேலை செய்யும். நன்னீர்த் திலேப்பியா குஞ்சுகளுக்கு மெத்தில் டெஸ்டோஸ்டீரோனைத் தீவனத்தில் கிலோவுக்குச் சுமார் 60 மில்லிகிராம் கலந்து, மூன்று நான்கு வாரம் கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக்குவது பல நாடுகளில் உள்ள முறை. இனச் செல்கள் இன்னும் வேறுபடாத அந்தச் சில வாரங்களில் மட்டுமே அது பலிக்கும். பிறகு மாதக்கணக்கில் சாதாரணத் தீனியில் வளர்வதால் விற்பனை மீனில் எச்சம் மிகக் குறைவு. மருந்தைக் கையாளும் தொழிலாளியும், கழிவுநீர் போய்ச் சேரும் குளமும்தான் அதில் கவலைப்பட வேண்டிய இடங்கள். கடல் விரால் கூண்டுக்கு அந்த முறை தேவையும் இல்லை.

மனிதருக்கான ஊசி வேறு. 1985 முதல் அது பாக்டீரியாவில் தயாரிக்கப்படும் மனித ஹார்மோன். அதற்கு முன் இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்தார்கள், அதன் வழியே மூளையைச் சிதைக்கும் நோய் சிலருக்குப் பரவியதால் கைவிட்டார்கள். குறைபாடுள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் இரவில், தோலுக்கடியில், தினமும் போடப்படுகிறது. இரவு என்பது உடலின் இயல்பான அலையை ஒட்டி. மருத்துவர் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுப்பது குருத்தெலும்புத் தட்டு இன்னும் திறந்திருக்கிறதா, எலும்பின் வயது என்ன என்று பார்க்க. தட்டு மூடிய பிறகு வேறுபட வேண்டிய முன்னோடிச் செல்லே அங்கே இல்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு இருபத்தைந்து வயதில் இதைப் போட்டுக்கொள்பவருக்கு ஓர் அங்குலமும் கூடாது. கையும் தாடையும் தடிக்கலாம், மணிக்கட்டு நரம்பு நசுங்கலாம், சர்க்கரை ஏறலாம்.

இறாலுக்கு?

கடற்கரையில் பண்ணை இறாலைப் பற்றியும் இதே பேச்சு உண்டு. இறாலுக்கு முதுகெலும்பு இல்லை, பிட்யூட்டரி இல்லை, வளர்ச்சி ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பியும் இல்லை. அது வளர்வது சட்டை உரித்து. அதை நடத்துவது எக்டைசோன் வகை ஸ்டீராய்டு, அடக்கி வைப்பது கண் காம்பில் சுரக்கும் ஹார்மோன். பொரிப்பகத்தில் தாய் இறாலின் ஒரு கண் காம்பை நீக்குவது அங்கிருந்து சுரக்கும், சினையை அடக்கும் ஹார்மோனைக் குறைத்து முட்டையிட வைக்கத்தான். குளத்தில் விடும் வனாமி என்ற பண்ணை இறால் இனத்தின் குஞ்சுக்கு அதுவும் கிடையாது.

பண்ணை இறாலிலும் மீனிலும் கேட்க வேண்டிய கேள்வி ஆன்டிபயாடிக் பற்றியது. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகைகள் இந்தியப் பண்ணைகளில் தடை செய்யப்பட்டவை. ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வருவதற்கு அவற்றின் எச்சம் அகப்படுவதும் ஒரு காரணம். புரத ஹார்மோனைப் போலன்றி அவற்றில் சில சமைத்தாலும் அழியாமல் சதையில் தங்கும்.